இரண்டாவது பொட்டலம்

ஏப்ரல் 28, செவ்வாய்

பத்து மணிக்கே மாடித் தரையில் கால் வைக்க முடியவில்லை. வடகம் பிழிந்து காயப் போட்டேன். மதியத்துக்குள் காய்ந்துவிட்டது. மேலே வெள்ளையாகப் புழுதி. சுண்ணாம்புக்கல் லாரி போகும் ரோட்டில் வீடு இருந்தால் அப்படித்தான். துணி போட்டு மூடியிருக்க வேண்டும். அம்மாவிடம் சொல்லவில்லை.

தங்கை யாழினி தூங்கும் வரை காத்திருந்து எழுதுகிறேன். போர்வைக்குள் டார்ச். வியர்த்துக் கொட்டுகிறது. பழைய சமூக அறிவியல் நோட்டின் பின்பக்கம். பரீட்சை முடிந்துவிட்டது, இனி இதை யாரும் திறக்க மாட்டார்கள்.

விஷயம் இதுதான். அம்மாவுக்கு நியூசிலாந்தில் வேலை உறுதி. முதியோர் இல்லத்தில் நர்ஸ். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி பார்த்துக்கொண்டே படித்து, இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை இங்கிலீஷ் பரீட்சை பாஸ். பிள்ளைகளை அழைத்துப் போகலாம், கணவரை அழைத்துப் போகலாம். ஜூலையில் கிளம்ப வேண்டும்.

யாழினி போவது உறுதி. இரண்டாம் வகுப்பு முடித்தவள், அங்கே போய் மூன்றாம் வகுப்பு. அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. இப்போதே பக்கத்து வீட்டு நாயிடம் இங்கிலீஷ்தான் பேசுகிறாள்.

பிரச்சினை நான். பத்தாவது எழுதியவள்.

இங்கே இருந்தால்: அதே கவர்ன்மெண்ட் ஸ்கூலில் ப்ளஸ் ஒன், பயாலஜி. ஆறாவதிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தால்தான் மெடிக்கல் சீட்டில் ஏழரை சதவீத ஒதுக்கீடு. நடுவில் விட்டால் போச்சு. டீச்சர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். "கயல்விழி நல்லா படிக்கிற பொண்ணுங்க, கெடுத்துடாதீங்க."

போனால்: வயதுக்கு ஏற்ற வகுப்பு. அங்கே வருடம் பாதி ஓடியிருக்கும். எல்லாம் இங்கிலீஷ். ஒளிச்சேர்க்கை, நாளமில்லாச் சுரப்பி என்று தமிழில் படித்தவள் அங்கே எந்த வாயைத் திறப்பது? எனக்கு இங்கிலீஷ் எழுத வரும். பேச வராது. யாராவது கேட்டால் தொண்டை அப்படியே மூடிக்கொள்ளும். இது வீட்டில் யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, செந்துறையில் உரக்கடை. பலாச்சுளை கொண்டுவந்தார்.

"ஏழரைய விட்டுட்டு யாராச்சும் போவாங்களாக்கா? ஊருல அவனவன் ஏழரை போனா போதும்னு கோயில் கோயிலா சுத்துறான். நம்ம வூட்டுலதான் ஏழரை வேணும்னு உக்காந்திருக்கோம்."

அம்மா சிரித்துவிட்டாள். பிறகு, "அப்ப புள்ளைய யாருடா பாத்துக்கிறது?"

"ஏன், நாங்க இல்ல? கடிச்சா திங்கப் போறோம்?" அப்பா பக்கம் திரும்பி, "மச்சான், அங்க போனா சமையல்கட்டு உங்களுதுதான் பாத்துக்குங்க. அக்கா டூட்டிக்குப் போயிடும். நீங்க ரசம் வச்சிட்டுக் குந்தியிருக்கணும்."

அப்பா சுளையைக் கீழே வைத்தார். "வச்சிட்டாப் போச்சு." எழுந்து வெளியே போய், குவாரிக்கு அவர் ஓட்டும் டிப்பர் லாரியின் டயரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்கனவே பார்த்த டயர்.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்று எனக்கும் தெரியாது. போக பயம். இருக்க பயம்.   


ஏப்ரல் 30, வியாழன்

வெயில். அனல் காற்று. பெரம்பலூர் போய் வந்தோம். நான், அம்மா, அப்பா. ஏஜெண்ட் ஆபீஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில். ஏ.சி. சில்லென்று. அம்மா துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டாள். "இதுக்கே குளுருதா மேடம்? அங்க என்ன பண்ணுவீங்க?" என்று ஏஜெண்ட் சிரித்தார். சின்ன வயசுக்காரர். பேசியதெல்லாம் அம்மாவிடம்தான்.

"மேடம் மெயின் அப்ளிகண்ட். சார் டிபெண்டண்ட். பாப்பாங்க ரெண்டு பேரும் டிபெண்டண்ட்."

அம்மா கேட்டாள், "பெரியவ ப்ளஸ் டூ முடிச்சிட்டு வந்தா?"

"வரலாம் மேடம். தனியா அப்ளை பண்ணணும். வயசு ஏறிடுச்சுன்னா சிக்கல் வரும். கிடைக்கும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன். திங்கக்கிழமை மெடிக்கலுக்கு தேதி வாங்கணும். அன்னிக்கு எத்தனை பேருன்னு மட்டும் சொல்லிடுங்க."

அப்பா நாற்காலி நுனியில். "தம்பி, அங்க டிப்பர் ஓட்டலாங்களா?"

"லைசன்ஸ் டெஸ்ட் இருக்கு சார். இங்கிலீஷ்ல. மொதல்ல கிளீனிங், பேக்கிங், அந்த மாதிரி பாத்துக்கலாம்."

அப்பா தலையாட்டினார். சட்டைப் பையில் கையை வைத்து எதையோ தேடினார். ஒன்றும் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். அம்மாவுக்கு முன்னால் இடம். நானும் அப்பாவும் பின்சீட். ரொம்ப நேரம் கழித்து,

"டிபெண்டண்ட்டுன்னா என்னா பாப்பா?"

"சார்ந்திருக்கறவங்கப்பா."

"ம்."

அதற்குப் பிறகு அரியலூர் வரை ஜன்னல். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அம்மாவிடம் சொன்னார்: "நாம பேசிப் பேசி ஆவப் போறதில்ல. நாளைக்கி வெள்ளிக்கிழம. ஆத்தாகிட்ட பூ கேட்டுருவோம்."

அம்மா ஆஸ்பத்திரிக்காரி. இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் உடனே சரி என்றாள். முகத்தில் ஒரு ஆசுவாசம். நான் பார்த்தேன்.

ஆக, என்னைத் தவிர எல்லாரையும் கேட்டாகிவிட்டது. டீச்சர், மாமா, ஏஜெண்ட். கடைசியாக அம்மன்.


மே 1, வெள்ளி

விடிகாலையிலேயே தலைக்குக் குளியல். செந்துறை பஸ். அங்கிருந்து மாமா வண்டியில் இரண்டு நடையாக எங்கள் குலதெய்வம் செல்லியம்மன் கோயிலுக்கு. சுற்றிலும் முந்திரிக்காடு. தார் ரோடு கோயிலுக்கு முன்பே முடிந்துவிடும்.

பூ கேட்பது எப்படி என்றால்: வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று. தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்ட வேண்டும். பார்த்தால் வித்தியாசம் தெரியக் கூடாது. கட்டுகிறவரை மற்றவர்கள் பார்க்கக் கூடாது. அம்மன் காலடியில் போட்டு, விவரம் தெரியாத சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். அந்தப் பூ எதுவோ அதுதான் உத்தரவு. மாமாவுக்குப் பெண் பார்த்தபோதும் இப்படித்தான் கேட்டார்களாம். வெள்ளை வந்தால் என்னை அழைத்துப் போவது. சிவப்பு வந்தால் இங்கேயே படிப்பது.

அப்பா கட்டினார். ஈர வேட்டியோடு, எங்களுக்கு முதுகைக் காட்டி, அரளிச் செடிப் பக்கம் நின்று. அவர் தோள்பட்டை மட்டும் தெரிந்தது.  அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், நாடி பார்ப்பது போல. எண்ணினாளோ என்னவோ.

பொங்கல் வைக்க வந்திருந்த ஒரு குடும்பத்தின் குழந்தையைக் கூப்பிட்டார்கள். மஞ்சள் கவுன். வர மாட்டேன் என்று ஒரே அழுகை. மாமா சாக்லேட் காட்டினார். வந்து, மூக்கை உறிஞ்சி, ஒன்றை எடுத்துப் பூசாரியிடம் நீட்டியது.

வேண்டிக்கொள்ள நினைத்தேன். எதை வேண்டுவது என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

"செவப்பு," என்றார் பூசாரி. "புள்ள இங்கயே இருக்கட்டும்கிறா ஆத்தா."

அம்மா என் கையை விட்டுவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாழினிக்கு ஒன்றும் புரியவில்லை. "அக்கா வரலையா? அப்ப ஏரோப்ளேன்ல ஜன்னல் சீட்டு எனக்கா?"

கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அப்பா சொன்னார்: "அப்ப நானும் இருந்துக்கிறேன். வயசுப் புள்ளைய அடுத்தவங்க வூட்ல விட முடியாது. நீயும் சின்னதும் போங்க. இவ ப்ளஸ் டூ முடிக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

மாமா, "மச்சான், அதெப்புடி—"

"ஆத்தா சொன்னதுக்கப்பறம் என்னாடா?"

அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

வீட்டுக்கு வந்ததும் அம்மா இரண்டு பையையும் பரணிலிருந்து இறக்கி, ஒன்றைத் திரும்ப மேலே வைத்தாள்.

நானும் அப்பாவும் இங்கே. அம்மாவும் யாழினியும் அங்கே. இரண்டு வருடம். என் ஒருத்தி படிப்புக்காக. சீட் கிடைக்காவிட்டால்? அதை யாரும் சொல்லவில்லை. எனக்கு மட்டும்தான் தோன்றுகிறதா? ஆறாவதில் "என்ன ஆகப் போற?" என்று கேட்டபோது முன் பெஞ்சு முழுக்க டாக்டர் என்றது. நானும் டாக்டர் என்றேன். அவ்வளவுதான் நடந்தது.




மே 2, சனி

மதியம். கரண்ட் இல்லை. அம்மா டூட்டி, அப்பா குவாரி. யாழினி பொம்மைக்குப் பூ கேட்கிறாள். பொம்மை ஸ்கூலுக்குப் போக வேண்டுமா வேண்டாமா என்று. பார்த்தால் கையில் நிஜமான வாழையிலைப் பொட்டலம். வாடிக் கருத்திருந்தது.

"இது ஏதுடி?"

"கோயில்ல இருந்துச்சி. யாருமே எடுக்கல. வாட்டர் பாட்டில் பையில போட்டுக்கிட்டேன்."

எடுக்காத பொட்டலம். அதைப் பிரிக்கக் கூடாது, தண்ணீரில் போட வேண்டும் என்பார்கள். பிடுங்குவதற்குள் நாரை இழுத்துவிட்டாள்.

"ஐ, செவப்பு. பொம்மைக்கும் லீவு."

செவ்வரளி. சுருங்கியிருந்தது, ஆனால் சிவப்புதான். ஜன்னலண்டை கொண்டுபோய்ப் பார்த்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெள்ளை அரளி வாடினால் பழுப்பாகும். இப்படி ஆகாது.

அப்படியானால் இரண்டிலுமே சிவப்பு.

கட்டியது அப்பா.

  யாழினியிடம் யாருக்கும் சொல்லக் கூடாது என்றேன். "ஏன்?" "சாமி குத்தம்." யோசித்தாள். "அப்ப உன் பட்டாம்பூச்சி கிளிப்பு குடு." கொடுத்துவிட்டேன்.

முதலில் நினைத்தது: அப்பாவுக்கு நான் டாக்டராக வேண்டும். அதற்காகத்தான்.
பிறகு: இல்லை. அதற்கென்றால் மாமா வீடு போதுமே. நானும் இருக்கிறேன் என்று ஏன் சொன்னார்? அதுவும் கற்பூரம் அணைவதற்குள். முன்பே யோசித்து வைத்தது போல.
பிறகு பஸ் ஞாபகம் வந்தது. "ம்" என்றாரே, அது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆறு மணிக்கு வர வேண்டிய அப்பா வரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப். ஆத்தாவை ஏமாற்றியவர் டிப்பர் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். குவாரியில் வளைந்து வளைந்து இறங்கும் மண் பாதை. எனக்கு அதே படம் திரும்பத் திரும்ப. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். ரோட்டில் லாரி வரும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓடினேன். எல்லா லாரியும் ஒரே மாதிரி சத்தம் போடும் என்று இத்தனை நாள் தெரியவில்லை. சாமி மாடத்துக்கு முன்னால் நின்று, "அவரு தெரியாம பண்ணிட்டாரு, நான் சரி பண்ணிடறேன்" என்றேன். தெரிந்தேதான் செய்தார். அம்மனிடமும் பொய்.

எட்டு மணிக்கு வந்தார். டயர் பஞ்சர். சார்ஜ் இல்லை. தலை முடியெல்லாம் வெள்ளைப் புழுதி. கிழவராகிவிட்டது மாதிரி.

"என்னா பாப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? ரசம் இருக்கா?"

இருந்தது. நான்தான் வைத்தேன். உப்பில்லை. ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

நான் சரி பண்ணிடறேன் என்று சொல்லிவிட்டேன். எப்படி?


மே 3, ஞாயிறு

அம்மாவுக்கு இன்று பகல் டூட்டி. அழைத்துவர அப்பா பைக்கில் பெரம்பலூர் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். திரும்பும்போது மூணு பேராகுமே என்றார். அம்மாவும் நானும் பஸ்ஸில் வந்துவிடுகிறோம் என்றேன். விசித்திரமாகப் பார்த்தார். யாழினியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஏறிக்கொள் என்றார்.

வழியில் டீக்கடை. எனக்குப் பால், அவருக்கு டீ. பக்கத்தில் இரண்டு லாரி டிரைவர்கள். ஒருவர் அப்பாவைப் பார்த்து, "என்னாண்ணே, ஃபாரின் கெளம்பிட்டீங்களாமே! அங்க போயி எங்களுக்கும் ஒரு லாரி வாங்கிப் போடுங்க." அப்பா சிரித்தார். "நான் எங்கடா போறேன். உங்க அண்ணிதான் போவுது."

அவர்கள் கிளம்பிய பிறகு சொன்னேன். பாலைப் பார்த்துக்கொண்டே.

"அப்பா, யாழினி அந்தப் பொட்டலத்தப் பிரிச்சிட்டா."

"எந்தப் பொட்டலம்?"

"கோயில்ல எடுக்காதது."

டீயை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"பால் ஆறுது. குடி."

குடித்தேன். நாக்கு சுட்டது. அடிப்பாரோ என்று ஒரு கணம். அவர் என்னை அடித்ததே இல்லை. ஆனாலும்.

ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். ஒரு டிப்பர் போனது, அதோடு அவர் தலையும் திரும்பியது.

"இங்க முழு லோடு ஏத்திக்கிட்டு குண்டும் குழியுமா இருக்கிற பாதையில நான் ரிவர்ஸ் எடுப்பேன் பாப்பா. அரியலூர்ல கேட்டுப் பாரு, யாரு ரிவர்ஸ் எடுப்பாங்கன்னு. அங்க போனா பால் பாக்கெட் வாங்கக்கூட உங்கம்மா கையப் புடிச்சிக்கிட்டுப் போவணும். அவ பேசுவா, நான் பின்னாடி பைய தூக்கிக்கிட்டு நிப்பேன். இங்கிலீஷு பேசிப் பாத்தேன். லாரில தனியா இருக்கிறப்ப. போன்ல அது ஒண்ணு சொல்லும், அதையே திருப்பிச் சொல்லணும். எனக்கே சிரிப்பா வருது."

சிரிக்கவில்லை.

"அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம்லப்பா."

"என்னான்னு? பயமா இருக்குன்னா?"

சுற்றிப் பார்த்தார், யாராவது கேட்டார்களா என்று.

"எனக்கும் பயமா இருக்குப்பா," என்றேன்.

"உனக்கென்னா பயம்? நீ படிச்ச புள்ள."

"இங்கிலீஷ் பேச வராதுப்பா. எழுதறேன், அவ்ளோதான். யாராச்சும் கேட்டா வாயி தொறக்க மாட்டேங்குது. இங்க இருந்தாலும் பயமாத்தான் இருக்கு. சீட்டு கெடைக்கலன்னா என்னாலதான் அம்மா தனியா போச்சின்னு ஆயிடும்."

அப்பா என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வை. மாமாவும் டீச்சரும் மார்க் கேட்கும்போது பார்ப்பார்களே, அது இல்லை. நான் யாரென்று பார்ப்பது மாதிரி.

"அதான் ஆத்தாவே சொல்லிட்டான்னு ஆயிடுச்சே," என்றார். அவருக்கே நம்பிக்கை இல்லாத குரல். "நாளைக்கி உங்கம்மா போன் பண்ணுவா. மூணு நிமிசப் பேச்சு. நீ ஒண்ணும் சொல்லாம இரு."

சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அம்மா ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். எங்கள் இருவரையும் பார்த்ததும், "என்ன, அப்பனும் மவளும் எதையோ திருடிட்டு வந்த மாதிரி?" என்றாள். நான் இருமினேன்.


மே 4, திங்கள்

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். காக்கைகூட மரத்தை விட்டு வரவில்லை. தண்ணீர் லாரி வந்தது. ஆறு குடம் பிடித்தேன்.

பதினோரு மணி. அம்மா லீவு போட்டிருந்தாள். அப்பாவும் லோடுக்குப் போகவில்லை. நாற்காலியில் பேப்பர் படித்தார். நேற்றைய பேப்பர். அம்மா கூடத்தில் உட்கார்ந்து ஏஜெண்டுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில்.

"சொல்லுங்க மேடம். ஃபைனலா எத்தனை பேர்?"

அம்மா என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "அது வந்துங்க—"

தொண்டை மூடிக்கொண்டது. எப்போதும் போல.  யாழினி மூலையில் உட்கார்ந்து என் கிளிப்பைப் பொம்மைக்கு மாட்டிக்கொண்டிருந்தாள். அந்த இரண்டாவது பூ என் பாவாடைப் பையில். நேற்றிலிருந்து அங்கேதான்.

"நாலு," என்றேன்.

அவ்வளவு சத்தமாக வரும் என்று நினைக்கவில்லை.

"நாலு பேரா மேடம்?" போனில்.

அம்மா போனைக் கையால் மூடினாள். "என்னடி சொல்ற? டாக்டருக்கு படிக்கணும்னியே? ஆத்தா சொன்னத மீறுறதா?"

 காரணத்தைச் சொன்னால் அப்பாவைக் காட்டிக் கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் நான் அடங்காதவள். அழ ஆரம்பித்துவிட்டேன். மூக்கெல்லாம் ஒழுகி, அசிங்கமாக. "நான் இங்க இருக்கல. நாலு பேரும் போவலாம். இல்லன்னா நாலு பேரும் இருக்கலாம்."

"எதுக்குடி அழுவுற? காரணத்த சொல்லு."

பேப்பர் மடியும் சத்தம்.

"அவள விடு," என்றார் அப்பா. "பூவ கட்டுனது நாந்தானே. ஆத்தாவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நாலுன்னு சொல்லு."

அம்மா அவரைப் பார்த்தாள். கோயிலில் பார்த்த அதே பார்வை. ரொம்ப நேரம். அப்பா தலையைக் குனிந்து பேப்பரின் விளிம்பை நீவிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு எது புரிந்தது, எவ்வளவு புரிந்தது, தெரியாது. கேட்கவில்லை. கையை எடுத்தாள்.

"நாலு பேருங்க."

"ஓகே மேடம். சார் இப்ப என்ன வேலைன்னு போடட்டும்? டிரைவர்?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பா போன் பக்கம் சாய்ந்து, "டிப்பர் டிரைவர்னு போடுங்க தம்பி. வெறும் டிரைவர் இல்ல."

மதியம் அம்மா பரணில் ஏற்றிய பையைத் திரும்ப இறக்கினாள். டீச்சரிடம் நானே சொல்ல வேண்டும் என்றாள். சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? ஏழரை போச்சு. என் வாயால் போச்சு. சாயங்காலம் இரண்டாவது பூவை வாய்க்காலில் போடப் போனேன். தண்ணீர் இல்லை. வாசல் அரளிச் செடியின் கீழே புதைத்தேன். இது போதுமா? ஆத்தாவுக்குத் தெரிந்திருக்கும். அப்பா வீட்டுக்கு வந்து சேரும் வரை தினமும் பயமாகத்தான் இருக்கும்.

பயப்படுவதற்கு இன்னும் இருக்கிறது. ஊசி. மெடிக்கலில் ரத்தம் எடுப்பார்கள். ஏரோப்ளேன். அந்த ஸ்கூலில் முதல் நாள், பெயர் கேட்பார்கள். கயல்விழி என்று சொன்னால் திருப்பிக் கேட்பார்கள்.

அம்மாவும் யாழினியும் தூங்கிவிட்டார்கள். கூடத்தில் அப்பா இல்லை. ஜன்னல் வழியே பார்த்தால், வெளியே டிப்பரில் உட்கார்ந்திருக்கிறார். கதவு சாத்தியிருக்கிறது, கண்ணாடி ஏற்றியிருக்கிறது. போன் வெளிச்சத்தில் முகம் மட்டும் தெரிகிறது. உதடு அசைகிறது. நிற்கிறது. மறுபடி முதலிலிருந்து அசைகிறது.

டார்ச்சை அணைத்துவிட்டு நானும் அவர் பக்கத்தில் உட்காரப் போகிறேன்.